வெளியேற்றத்தை எதிர்நோக்கும் குடியிருப்பை ஆய்வு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

பாலத்துக்காகவோ, ஆற்றங்கரைச் சீரமைப்புக்காகவோ, மெட்ரோ பாதைக்காகவோ ஒரு நகரக் குடியிருப்பு அகற்றப்படப் போகிறது. அங்கிருப்பவர்களுக்கு வேறோர் இடத்தில் வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாற்றத்தில் அவர்கள் என்ன இழக்கிறார்கள், என்ன பெறுகிறார்கள் என்று முறையாக ஆராய நினைக்கும் மாணவர்களுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேள்வித்தாளில் தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையில் அது எட்டாவது வேலை. முந்தைய ஏழு வேலைகளையும் தாண்டிக் குதித்தால், எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் கடைசியில் கையில் மிஞ்சுவது புது இடத்தில் தங்கிவிட்டவர்களின் கதை மட்டும்தான். தங்க முடியாமல் போனவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

இது சின்ன ஓட்டை அல்ல. அகமதாபாத்தில் 1987இல் பீடி சுற்றும் பெண்களுக்கு நகர ஓரத்தில் குலுக்கல் முறையில் வீடு கொடுத்தார்கள். 14 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, குலுக்கலில் வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடிபோகவே இல்லை. 32 சதவீதம் பேர் போய்விட்டுப் பிறகு வெளியேறியிருந்தார்கள். புது வீட்டுக் கதவுகளை மட்டும் தட்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்கினரைத்தான் பார்த்திருக்க முடியும். அதுவும் விருப்பப்பட்டு விண்ணப்பித்தவர்கள் கதை. கட்டாய வெளியேற்றத்தில் நிலைமை இதைவிட எளிதாக இருக்கும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை காலம். இடமாற்றத்துக்கு முன் ஒரு சுற்று, இடமாற்றத்துக்குப் பின் ஏறக்குறைய ஓராண்டு கழித்து இன்னொரு சுற்று. ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு பள்ளி ஆண்டு ஆகிய மூன்றும் கடக்காமல் புது இடத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதல் சில மாதங்களில் உதவித்தொகை கையில் இருக்கும். குழாயும் லிஃப்ட்டும் புதிதாக இருக்கும்.

இரண்டாவது பணம். மொத்தத்தில் பாதியை இரண்டாம் சுற்றுக்கு என்று முதலிலேயே ஒதுக்கி, அதைத் தொடாமல் வைத்திருங்கள். ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை, ஆளிடம் பேசும் வேலையைவிட அதிகம் செலவு வைக்கும்.

மூன்றாவது ஆட்கள். இருவர் இருவராகப் போங்கள். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். குடியிருப்பிலிருந்தே சிலரைக் கணக்கெடுப்பாளர்களாகச் சேர்த்து, ஊதியம் கொடுங்கள். ஆனால் ஒருவரை அவருடைய சொந்தச் சந்துக்கு அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கடன் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. இணையம் இல்லாமலே படிவம் நிரப்ப கோபோடூல்பாக்ஸ் அல்லது ஓடிகே, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் போதும். மூன்றும் இலவசமாகவே கிடைக்கும். இவற்றோடு பெரிய தாள், கதவில் எண் ஒட்ட ஸ்டிக்கர், பூட்டு வைத்த பெட்டி ஒன்று.

## 1. கேள்வியைச் சுருக்குங்கள்

‘இடப்பெயர்வின் தாக்கம் என்ன’ என்பது தலைப்பு. அதை ஆய்வுக் கேள்வி என்று சொல்ல முடியாது. ‘வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இடம் மாறிய ஓராண்டுக்குள் எத்தனை வேலை வீடுகளை இழந்தார்கள், அந்த வருமானத்தை எதைக் கொண்டு ஈடுகட்டினார்கள்’ என்பது கேள்வி. யாரை, எப்போது, எதை என்று மூன்றும் அதில் இருக்கிறது.

சுருக்குவதற்கு மைக்கேல் செர்னியா வகுத்த சட்டகம் உதவும். உலக வங்கியில் சமூகவியலாளராக இருந்த அவர், இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வறுமைக்குள் விழும் வழிகளை எட்டாகப் பிரித்தார்: நிலம் இழப்பு, வேலை இழப்பு, வீடு இழப்பு, ஓரங்கட்டப்படுதல், உணவுக்குத் தட்டுப்பாடு, பொதுச் சொத்துகளைப் பயன்படுத்தும் வாய்ப்பு பறிபோதல், நோயும் இறப்பும் கூடுதல், சமூகப் பிணைப்பு சிதைதல். எட்டையும் அளக்கப் புறப்படாதீர்கள். இரண்டு அல்லது மூன்றை எடுத்து ஆழமாகப் போங்கள்.

‘நிலம்’ என்ற சொல்லை நகரத்தில் வயல் என்று புரிந்துகொண்டால் அந்த வரிசை காலியாகவே நிற்கும். நகரத்தில் நிலம் என்பது பழைய இரும்பைப் பிரித்துப் போடும் வாசல், தள்ளுவண்டி நிறுத்தும் ஓரம், தையல் மிஷின் போட்ட திண்ணை. நாலாவது மாடியில் வீடு கிடைத்தவருக்கு இவை எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

## 2. ஆட்களோடு பேசி முடியுங்கள், எழுதி வையுங்கள்

வரைபடத்தைத் தொடும் முன்பே மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும்? எதை வெளியிடுவீர்கள், எதை வெளியிட மாட்டீர்கள்? ஓர் அதிகாரி வந்து பட்டியலைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

தலைவர் ஒருவரிடம் அனுமதி வாங்கியதோடு நிறுத்திக்கொள்வது வழக்கமான தவறு. அவர் பெரும்பாலும் சொந்தக் கட்டடம் வைத்திருப்பவர், பல நேரங்களில் வாடகைக்கும் விட்டிருப்பவர். வாடகைக்காரர்களோடும், பெண்களோடும், குடியிருப்பின் கடைசிச் சந்தில் இருப்பவர்களோடும் தனித்தனியாகப் பேசுங்கள். அவர்களுக்கு நீங்கள் யாருடைய ஆள் என்ற சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகம் நியாயமானது.

இந்தக் கணக்கெடுப்பால் வீடு கிடைக்காது என்பதை ஒவ்வொரு வாசலிலும் சொல்லுங்கள். யாராவது தாளும் கையுமாக வந்தால் ஒதுக்கீட்டுப் பட்டியல் போடுகிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். அந்த நினைப்பு பரவினால் ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்து பதிவு செய்யும். வெளியூர் உறவினர் வந்து சேர்வார்கள். யாரும் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். வீடு ஒன்று போகப்போகிற இடத்தில் எவரும் அப்படித்தான் செய்வார்கள்.

குடியிருப்பு மக்களே ஏற்கெனவே கணக்கெடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1985இல் மும்பை நடைபாதைவாசிகள், வெளியேற்ற அச்சத்துக்கு நடுவே, ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்போடு சேர்ந்து தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். அப்படி ஒரு பட்டியல் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தால் இரண்டு பட்டியல்கள் ஆகும். முரண்பாட்டைக் காட்டி இரண்டையும் ஒதுக்கிவிட அதிகாரிகளுக்கு அது போதும்.

## 3. காகிதங்களைப் படித்துவிட்டுக் களத்துக்குப் போங்கள்

திட்ட அறிக்கை, வெளியேற்ற அறிவிப்பு, அரசு எடுத்த பயனாளிப் பட்டியல், நில அளவை வரைபடம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். இவற்றில் தேட வேண்டியது ஒரு தேதி. அந்தத் தேதிக்கு முன் அங்கே இருந்தவர்களுக்கே மாற்று வீடு அல்லது உதவி என்று ஒரு வரம்பு இருக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிப்பது அதுதான். உங்கள் பட்டியலில் ‘இங்கே எப்போது வந்தீர்கள்’ என்ற கேள்வியை இந்தத் தேதியை மனத்தில் வைத்து அமைக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். திட்டத்துக்குக் கடன் கொடுப்பவருக்குத் தனி விதிகள் இருக்கலாம். உலக வங்கியின் இப்போதைய சமூக, சுற்றுச்சூழல் விதிகள் 2018 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளன. நிலத்தின் மீது சட்ட உரிமை இல்லாதவர்களும், வரம்புத் தேதிக்கு முன் அங்கே இருந்திருந்தால், உதவிக்கு உரியவர்கள் என்று அவை சொல்கின்றன. உள்ளூர்ச் சட்டம் அப்படிச் சொல்லாமல் இருக்கலாம். எந்த அளவுகோலை வைத்து அளக்கிறீர்கள் என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள்.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர்; லேண்ட்சாட்டில் 30 மீட்டர். ஒரு குடியிருப்பு முழுவதுமாக அகற்றப்பட்டதை இவற்றில் பார்க்கலாம், ஒரு குடிசையைப் பார்க்க முடியாது. வீடுகளை எண்ண நினைத்தால் இன்னும் துல்லியமான படம் வேண்டும். அதிலும் கூரையைத்தான் எண்ணுகிறீர்கள். கூரைக்கு அடியில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று வானத்திலிருந்து தெரியாது.

## 4. எண்ணும் முன் வரையுங்கள்

படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, குடியிருப்பைச் சேர்ந்த இருவரோடு ஒவ்வொரு சந்தாக நடங்கள். சுவரை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்து நடப்பது ஒரு நல்ல விதி. முட்டுச்சந்துக்குள் போனாலும் அதே விதி உங்களை வெளியே கொண்டுவந்து விடும்; வாசல்கள் தப்புவது குறையும்.

ஃபோன் காட்டும் இருப்பிடத்தை நம்பி வீட்டைக் குறிக்காதீர்கள். திறந்த வெளியிலேயே அது ஏறக்குறைய 5 மீட்டர் பிசகும். தகரக் கூரைகளுக்கு நடுவே குறுகிய சந்தில் இன்னும் மோசம். வீட்டின் அகலமே 3 மீட்டர் என்றால் புள்ளிகள் பக்கத்து வீட்டில் போய் விழும். ஆகவே கதவில் எண் ஒட்டி, அதே எண்ணைத் தாளில் எழுதுங்கள்.

மாடி, பின்கட்டு, படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறை எல்லாவற்றுக்கும் தனி எண் கொடுங்கள். பொதுக்குழாய், கழிவறை, மின்கம்பம், தண்ணீர் தேங்கும் பள்ளம், கடைகள் ஆகியவையும் வரைபடத்தில் வரட்டும். ஒன்பதாம் படியில் புது இடத்தோடு ஒப்பிட இவை தேவைப்படும்.

வரைந்ததைப் பொது வரைபடத் தளங்களில் ஏற்றலாமா என்பதைக் குடியிருப்பு முடிவு செய்யட்டும். கென்யாவின் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா என்ற குடிசைப் பகுதியில் 2009இல் அங்குள்ள இளைஞர்களே தங்கள் பகுதியை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தார்கள். அங்கே அது அவர்களுக்குப் பலமாக இருந்தது. இடிக்கும் அறிவிப்பு வந்துவிட்ட இடத்தில், வாசல் வாசலாகக் குறித்த வரைபடம் வேறு யாருக்கோ பலமாகிவிடலாம்.

## 5. முழுப் பட்டியல் எடுங்கள்

கிபேராவில் 10 லட்சம் பேர் வாழ்வதாகப் பல காலம் சொல்லப்பட்டு வந்தது. 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 1,70,000 என்றது. எது சரி என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். மற்றவர் சொன்ன எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு சதவீதம் போட்டால், விடை ஆறு மடங்கு வரை மாறக்கூடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

கட்டடம், குடும்பம், ஆள் என்று மூன்று அடுக்கில் எழுதுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இந்த வரையறையை முதலிலேயே எழுதி வைத்து எல்லாக் கணக்கெடுப்பாளர்களுக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுங்கள். 047 ஆம் கட்டடத்தின் இரண்டாம் குடும்பத்தின் மூன்றாம் ஆள் என்றால் 047-2-3. ஒருவர் இறந்தாலும் போனாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பட்டியலில் விடுபடுகிறவர்கள் எப்போதும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். வாடகைக்காரரைக் கட்டடக்காரர் மறைப்பார். கணவனைப் பிரிந்து வந்த மகளைத் தகப்பன் தன் குடும்பத்தில் சேர்த்துச் சொல்வார். ஓர் அறையை எட்டுப் பேர் பகிரும் வெளியூர்த் தொழிலாளர்களைப் ‘பசங்க ரூம்’ என்று ஒரு வரியில் முடிப்பார்கள். அரசுப் பட்டியலிலும் காணாமல் போகிறவர்கள் இவர்கள்தான். உங்கள் பட்டியலிலும் விட்டுப்போனால், இரண்டும் அழகாகப் பொருந்தி, தவறே இல்லை என்ற தோற்றம் வந்துவிடும்.

பூட்டிய கதவுக்கு மூன்று முறை போங்கள்: பகல், இரவு, விடுமுறை நாள். அதற்கும் திறக்காவிட்டால் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதுங்கள். ‘காலி’ என்று எழுதாதீர்கள். இரவுப் பணிக்குப் போகிறவர் பகலில் கதவை உள்ளே தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். அதையும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

அன்றன்று இரவே பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு கோப்பாகவும், மற்ற பதில்களை இன்னொரு கோப்பாகவும் பிரித்துவிடுங்கள். இரண்டையும் இணைப்பது அந்த எண் மட்டும். பெயர்க் கோப்பு கடவுச்சொல் போட்டு ஒரே கணினியில், இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும்.

## 6. மாதிரியும் ஒப்பீட்டுக் குழுவும்

400 குடும்பங்களுக்குள் என்றால் மாதிரி எடுக்காமல் எல்லோரையும் பாருங்கள். அதற்கு மேல் என்றால்தான் மாதிரி, அதாவது எல்லோருக்கும் பதிலாகத் தேர்ந்த சிலரை மட்டும் பார்ப்பது. 95 சதவீத நம்பகத்தில் (நூறு முறை மாதிரி எடுத்தால் 95 முறை) விடை உண்மையைவிட 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று ஏற்றால் 384 என்ற எண் எல்லாப் பாடநூலிலும் வரும். அது கடைசியில் மிஞ்ச வேண்டிய எண். 30 சதவீதம் பேர் கைநழுவுவார்கள் என்று எதிர்பார்த்தால் 384ஐ 0.7ஆல் வகுத்து 549 குடும்பங்களோடு தொடங்க வேண்டும்.

தேர்வான வீடு பூட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களாகத் தேர்ந்து, வேலைக்கு ஓடுகிறவர்களைக் கழிக்கிற வேலை அது.

இடம் மாறாத, மற்றபடி ஒத்த ஒரு குடியிருப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஓராண்டில் விலைவாசியும் ஏறும், நகரத்தில் வேலையும் கூடிக் குறையும். மாறாதவர்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல், மாறியவர்களுக்கு ஆனதெல்லாம் இடமாற்றத்தால்தான் என்று சொல்ல முடியாது. முழுக்க ஒத்த இடம் கிடைக்காது. எதில் ஒத்துப்போகவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தால் போதும்.

## 7. ஆட்களைத் தொலைக்காமல் இருக்க ஏற்பாடு

ஆய்வின் தலைவிதி இங்கேதான். இதைப் பழைய இடத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.

ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்று தொலைபேசி எண்கள் வாங்குங்கள். அதில் இரண்டு, அந்தக் குடியிருப்புக்கு வெளியே வாழும் உறவினர் அல்லது நண்பருடையதாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து எண்ணாக வாங்கினால் எல்லோரும் ஒரே நாளில் கலைந்துபோவார்கள்; எண்ணும் சேர்ந்து போகும். வீட்டுப் பெண்ணுக்குத் தனி ஃபோன் இருக்கிறதா, கணவனுடையதா என்றும் குறியுங்கள். அதோடு, எங்கே போனாலும் அவர்கள் திரும்பி வரும் இடம் ஒன்றைக் கேளுங்கள்: வேலை செய்யும் சந்தை, பிள்ளையின் பள்ளி, வழிபடும் இடம். தெருவில் வழங்கும் பட்டப்பெயரையும் எழுதுங்கள். அட்டையில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் பல பேரைப் பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

அந்த உறவினரிடம் நீங்கள் என்ன சொல்லிக்கொண்டு பேசலாம் என்றும் கேட்டு வாங்குங்கள். கடன் கொடுத்தவரிடமிருந்து மறைந்து வாழ்கிறவரும், அடிக்கும் கணவனிடமிருந்து விலகியவரும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். அவர்களைத் தேடுவதே அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன அழைப்பு போதும். எங்கே இருக்கிறார்கள், எண் மாறியதா, வீட்டில் யாராவது வந்தார்களா போனார்களா என்று மூன்று கேள்வி. ஆண்டு முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டுத் தேடத் தொடங்கினால் பாதி எண்கள் செயலில் இருக்காது.

குடும்பம் பிரிந்தால் யாரைத் தொடர்வது? இதற்கு விதியை இப்போதே எழுதுங்கள். என் பரிந்துரை: இரண்டு பக்கத்தையும் தொடருங்கள். மகன் புது அடுக்ககத்துக்குப் போக, அம்மா வேலைக்காகப் பழைய இடத்துக்கு அருகிலேயே ஒண்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அம்மாவை விட்டுவிட்டால் அந்தப் பிரிவே பதிவாகாது.

## 8. இப்போது கேள்வித்தாள்

வீட்டைப் பற்றிய பகுதிக்கு, ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1991இல் கொடுத்த விளக்கத்தைச் சட்டகமாக எடுக்கலாம். போதுமான வீடு என்பதற்கு அது ஏழு கூறுகளைச் சொல்கிறது: குடியிருப்பு உரிமையின் பாதுகாப்பு, வசதிகள் கிடைப்பது, கட்டுப்படியாகும் செலவு, வாழத் தகுந்த நிலை, எல்லோரும் அணுகக்கூடியதாக இருப்பது, அமைவிடம், பண்பாட்டுப் பொருத்தம். திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் நான்காவதைப் பற்றி நிறையப் பேசும்; ஆறாவதைப் பற்றி வாயே திறக்காது.

செலவைக் கேட்கும்போது வாடகையையும் போக்குவரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் என்பது அமெரிக்காவில் உருவான ஒரு குறியீடு. அந்த வரம்பை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை மிச்சமாகி பஸ் செலவு ஏறியிருந்தால், தனித்தனியாகக் கேட்கிறவருக்கு அது தெரியாது.

நேரத்தையும் கேளுங்கள். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் கூடியிருந்தால், 25 வேலை நாளில் மாதம் 50 மணி நேரம் போகிறது. முழு வாரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு அது.

‘மாத வருமானம் எவ்வளவு’ என்ற கேள்வியைத் தூக்கிவிடுங்கள். தினக்கூலிக்காரருக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லை. வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்வார். ஆள் ஆளாக, வேலை வேலையாக, கடந்த 7 நாளில் எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். வீட்டிலேயே பூக்கட்டுகிற, காகிதப்பை ஒட்டுகிற பெண்ணிடம் ‘வேலைக்குப் போகிறீர்களா’ என்றால் இல்லை என்பார். ‘கையில் காசு வருகிற மாதிரி என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டால் சொல்வார்.

முதல் சுற்றில் எழுதிய சொல்லை இரண்டாம் சுற்றில் மாற்றக் கூடாது. கேள்வி சரியில்லை என்று பிறகு தெரிந்தால், பழையதை அப்படியே வைத்துக்கொண்டு புதியதைக் கூடுதலாகச் சேருங்கள்.

## 9. உள்கட்டமைப்பு: இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஓடுகிறதா என்று பாருங்கள்

புது இடத்தில் குழாய் உண்டு, கழிவுநீர் நிலையம் உண்டு, மழைநீர்த் தொட்டி உண்டு, கூரையில் சூரியப் பலகை உண்டு. எண்ணிக்கொண்டு போனால் எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ விழும். அதனால் ஒன்றும் தெரியாது.

தண்ணீரை வாளியால் அளவுங்கள். ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று சில வீடுகளில் நாட்குறிப்பு வைக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வைத்திருக்கும் அளவுகோலின்படி, தண்ணீர் எடுத்துத் திரும்ப, வரிசையில் நிற்பதையும் சேர்த்து, 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும்; அப்போதுதான் அது அடிப்படைச் சேவை. வீட்டுக்குள் குழாய் இருந்தும் மேல்மாடிக்கு ஏறாமல், கீழே வந்து குடம் சுமக்கிறவர்களை இந்த அளவுகோல்தான் காட்டிக்கொடுக்கும்.

நெரிசலுக்கு, ஐ.நா. வாழிட அமைப்பின் விதி எளிது: ஓர் அறையை மூன்று பேருக்கு மேல் பகிர்ந்தால் இடம் போதவில்லை. ஆனால் பழைய வீட்டில் வாசலும் சந்தும் அறையாகப் பயன்பட்டன என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

போக்குவரத்துக்கு, ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நகரங்களுக்கான 11ஆவது இலக்கின் அளவீட்டில் பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள், ரயில் போன்ற பெரிய வசதி 1 கிலோமீட்டருக்குள் என்று வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் கோடு இழுத்து அளக்காமல் நடந்து அளவுங்கள். நிறுத்தம் இருந்தால் மட்டும் போதாது. முதல் பஸ் எப்போது, கடைசி பஸ் எப்போது? காலை 6 மணிக்கு வேலை வீட்டில் நிற்க வேண்டியவருக்கு 6 மணிக்குக் கிளம்பும் முதல் பஸ் இல்லாததற்குச் சமம்.

யார் பழுது பார்க்கிறார்கள் என்பதைத் தனிப் பகுதியாக எழுதுங்கள். கராச்சியின் ஓரங்கி குடியிருப்புப் பகுதியில் 1980இல் சமூகச் செயற்பாட்டாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல பிரிவினை ஒன்றைக் கொடுத்திருக்கிறது. வீட்டுக் கழிவறையும் சந்துச் சாக்கடையும் மக்கள் பொறுப்பு. பெரிய வாய்க்காலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. நீங்கள் ஆராயும் இடத்தில் அந்தக் கோடு எங்கே விழுகிறது? லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் மின்கட்டணம் யார் தலையில்? கோடு எங்கே என்று யாருக்கும் தெரியாத இடத்தில்தான் மோட்டார் மாதக்கணக்கில் நிற்கும்.

புது இடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். காலி செய்த நிலத்தில் என்ன வந்தது? ஆற்றைக் காப்பாற்ற என்று அகற்றியிருந்தால், அந்தக் கரை ஆற்றுக்குப் போனதா, சாலைக்குப் போனதா? புது இடம் எவ்வளவு தாழ்வானது, மழையில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? சுவரில் உள்ள ஈரக்கோட்டை டேப் வைத்து அளந்தாலே இதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

## 10. இடமாற்ற நாட்களில்

அன்றைக்கு நேர்காணல் வேண்டாம். நேரம், வந்த வண்டிகள், யார் முன்னிலையில் நடந்தது, எந்தப் பொருட்கள் உடைந்தன அல்லது விடப்பட்டன என்பதை மட்டும் பதிவு செய்யுங்கள். முகங்களைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் ஃபோன் வேறு கைக்குப் போகக்கூடிய நாள் அது.

எதைக் கவனிப்பது என்பதற்கு வெளியேற்றம் பற்றிய ஐ.நா.வின் 2007 வழிகாட்டு நெறிகள் உதவும். மோசமான வானிலையில், இரவில், பண்டிகை நாட்களில், தேர்தலுக்கு முன்பு, பள்ளித் தேர்வு நேரத்தில் வெளியேற்றக் கூடாது என்கின்றன அவை. நாள்காட்டியையும் அன்றைய வானிலையையும் அதே தாளில் எழுதுங்கள். பிற்பாடு யாரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

## 11. இரண்டாம் சுற்று

முதல் சுற்று எந்தப் பருவத்தில் நடந்ததோ அதே பருவத்தில் போங்கள். மழையில் ஒன்று, கோடையில் ஒன்று என்றால் தண்ணீர், நோய், வேலை நாட்கள் எதையும் ஒப்பிட முடியாது.

தேட வேண்டியவர்களை முதலில் தேடுங்கள். எல்லாக் குழுவும் எதிர்த்திசையில்தான் செய்கிறது: புது அடுக்ககத்தில் வரிசையாக இருப்பவர்களை முடித்துவிட்டு, மீதியைப் பார்க்கலாம் என்று வைக்கும். அதற்குள் பணமும் தெம்பும் தீர்ந்திருக்கும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு நிலை எழுதுங்கள்: குடிபோய் இருக்கிறார், போய்விட்டு வெளியேறினார், போகவே இல்லை, வாடகைக்கு விட்டார், விற்றார், ஒதுக்கீடே கிடைக்கவில்லை, இறந்துவிட்டார், தெரியவில்லை. புது வீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பவரிடம் பேசலாம். ஆனால் அவரைப் பழைய எண்ணில் பதிவு செய்யாதீர்கள். அவர் உங்கள் பட்டியலில் இல்லாத ஆள்.

## 12. கணக்குப் போடுவது

முதல் அட்டவணை வருமானம் பற்றியதாக இருக்க வேண்டாம். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே முதல் அட்டவணை. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் கீழே, ஐந்தாம் படியில் எடுத்த முழுப் பட்டியலின் எண்ணிக்கை வகு எண்ணாக நிற்க வேண்டும். மாதிரி எடுத்திருந்தால் ஆறாம் படியில் தேர்ந்த எண்ணிக்கை. கிடைத்தவர்களை மட்டும் வகு எண்ணாக வைத்தால் வெளியேறியவர்கள் பெருகப் பெருகத் திட்டம் வெற்றியாகத் தெரியும்.

கிடைக்காதவர்களுக்கு இரண்டு கணக்கு போடுங்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று வைத்து ஒன்று, எல்லோரும் மோசமாக இருக்கிறார்கள் என்று வைத்து ஒன்று. முடிவு இரண்டிலும் அதே பக்கம் சாய்ந்தால் துணிந்து எழுதலாம். சாயாவிட்டால் இடைவெளியை அப்படியே வெளியிடுங்கள்.

சராசரியை மட்டும் போடாதீர்கள். கட்டட உரிமையாளரும் வாடகைக்காரரும், ஆண்கள் தலைமையிலான வீடும் பெண்கள் தலைமையிலான வீடும், நடந்து வேலைக்குப் போனவரும் பஸ்ஸில் போனவரும் தனித்தனியாக வரட்டும். அட்டவணையின் ஒரு கட்டத்தில் மிகச் சிலரே இருந்தால், அவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

## 13. திருப்பிக் கொடுங்கள்

அறிக்கை அச்சுக்குப் போகும் முன், இரண்டாம் படியில் யாரிடம் பேசினீர்களோ அவர்களிடம் காட்டுங்கள். புது இடத்தில் ஒரு கூட்டம், பழைய இடத்துக்கு அருகில் சிதறி வாழ்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு பக்கத் தாளும் குரல் பதிவும் போதும். தடித்த அறிக்கையை யாரும் புரட்ட மாட்டார்கள். எண்களில் தவறு இருந்தால் அங்கேயே பிடிபடும். ‘எங்கள் சந்தில் இத்தனை பேருக்கு வீடு வரவில்லை’ என்று பெயர் சொல்லி எண்ணுவார்கள்.

பட்டியலின் ஒரு பிரதி குடியிருப்போர் குழுவிடம் இருக்க வேண்டுமா என்பதையும் அதே கூட்டத்தில் முடிவெடுங்கள். ஒதுக்கீட்டுக்கு வழக்குப் போடுகிறவர்களுக்கு, ‘வரம்புத் தேதிக்கு முன் நான் அங்கே இருந்தேன்’ என்பதற்கு வேறு சான்று இல்லாமல் போகலாம். வழக்குகள் முடியும்வரை பெயர்க் கோப்பை வைத்திருந்து, பிறகு எந்தத் தேதியில் அழிப்பது, அழிக்கும்போது யார் உடனிருப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.